வரைபடம் குடியிருக்கும் இடம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பாதையும் அம்பேபுசையிலிருந்து திருகோணமலை செல்லும் ஏ-6 பாதையும் சந்திக்கும் ஊர் தம்புள்ளை. யாத்திரிகர்களுக்கு அது குகை விகாரையின் ஊர். கமக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அது மரக்கறிச் சந்தையின் ஊர். 1999 ஆம் ஆண்டில் அங்கே விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது முதல், நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் வரும் லொறிகள் அங்கே சுமையை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கின்றன. வடக்கின் வெங்காயமும் மலைநாட்டின் கரட்டும் ஒரே கூரையின் கீழ் விலை பேசப்படுவது அவ்வூரின் அன்றாடக் காட்சி.

சந்தை உள்ள இடத்தில் பட்டறையும் இருக்கும். லொறிக்குப் பெட்டி கட்ட வேண்டும். கடைக்கு இரும்புப் படலை வேண்டும். மூட்டை ஏற்றத் தள்ளுவண்டியும், நீரிறைக்கும் இயந்திரத்துக்குத் தாங்கியும், களஞ்சியத்துக்கு அடுக்குத் தட்டுகளும் வேண்டும். இந்திய அரசின் நன்கொடையுடன் 5,000 மெட்ரிக் தொன் கொள்ளளவில் அமைக்கப்பட்ட வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் ஒன்று 2025 ஏப்ரில் 5 ஆம் நாள் தம்புள்ளையில் திறந்துவைக்கப்பட்டது. அத்தகைய களஞ்சியங்கள் பெருகுமாயின், குளிர் கசியாத கதவும் அளவு பிசகாத அடுக்கும் செய்யத் தெரிந்த பட்டறைகளின் தேவையும் பெருகும். அவை யாவும் ஒரு வரைபடத்திலேயே தொடங்குகின்றன. படத்தில் ஓர் அங்குலம் பிழைத்தால் தகட்டில் ஓர் அங்குலம் பிழைக்கும். வெட்டிய தகட்டை மீண்டும் வளர்க்க எவராலும் இயலாது.

அவ்வரைபடம் இப்பொழுது பெரும்பாலும் கணினியிலேயே பிறக்கிறது. படம் வரையும் மென்பொருள்கள் இருவகைப்படும். ஒருவகை, மேசைமேல் இருக்கும் கணினியிலேயே நிறுவப்பட்டு, வரைந்த படத்தையும் அக்கணினியிலேயே வைத்துக்கொள்வது. மற்றது, தொலைதூரத்துப் பெருங்கணினிகளில் தானும் தங்கி, படத்தையும் தங்கவைத்து, இணையத்தின் வழியே நம் திரைக்கு வந்து போவது. பின்னதைக் கிளவுட் என்று பேச்சிலும் முகில் என்று எழுத்திலும் வழங்குகின்றனர். ஒரு சிறு பட்டறைக்காரரோ, வீட்டுப்படம் வரைந்து கொடுக்கும் படவரைஞரோ இவ்விரண்டில் எதைத் தெரிவது? விற்பனையாளர் இதற்குக் கொடுக்கும் விடை வசதிகளின் பட்டியலாக இருக்கும். ஆனால் வினாவின் வேர் வேறிடத்தில் உள்ளது. படம் எங்கே குடியிருக்கிறது, அவ்வீட்டின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதே அவ்வேர்.

இதை விளங்கிக்கொள்ளத் தம்புள்ளைக்கு அயலிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கண்டலமக் குளத்தை நோக்கிய மலைப்பாறையை அணைத்தவாறு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு விடுதி கிடக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1991 ஆம் ஆண்டளவில் திட்டமிடத் தொடங்கி, 1994 இல் நிறைவெய்திய கண்டலம விடுதி அது. முதலில் அவருக்குக் காட்டப்பட்ட இடம் சீகிரியாவுக்கு அருகில் இருந்தது. அதை அவர் ஒதுக்கிவிட்டு, சீகிரியாக் குன்றைத் தொலைவிலிருந்து பார்க்கக்கூடிய இந்தப் பாறைச் சரிவைத் தெரிவு செய்தார். பாறை வளையும் இடத்தில் கட்டடமும் வளைகிறது. மழைநீர் வழிந்தோடும் இடத்தில் கட்டடம் விலகி நிற்கிறது. கொடிகள் படர்ந்து மூடிய அவ்விடுதியைக் குளத்தின் மறுகரையிலிருந்து பார்ப்பவருக்குக் காடு எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் புலப்படாது.

நேர்கோட்டுக்கு அடங்காத அத்தகைய நிலத்தை அளந்து, தளந்தளமாகப் பிரித்து, பாவாவின் பணிமனையினர் கையாலேயே வரைந்தனர். அப்பணிமனைப் படங்களுக்கு ஒரு தனிப்பெயர் உண்டு. வேறு கட்டடக் கலைஞர்கள் மரத்தை ஒரு வட்டமாகக் குறித்துவிட்டு நகர்வர். பாவாவின் படங்களிலோ இன்ன மரம் என்று இனங்காணத்தக்க வகையில் மரங்கள் இலை இலையாக வரையப்பட்டிருக்கும். 1960 களில் அம்மரபை உருவாக்கிய இளைஞருள் லக்கி சேனநாயக்க ஒருவர். பின்னாளில் ஓவியராகவும் சிற்பியாகவும் புகழ்பெற்ற அவர், தம்புள்ளைக்கு அண்மையில் தியபுபுல என்னும் நீரூற்றுத் தோட்டத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 2021 இல் மறைந்தார். கண்டலம விடுதியின் படிக்கட்டில் சிறகு விரித்து நிற்கும் பெரிய ஆந்தை அவர் கைவண்ணமே.

பாவா 2003 இல் காலமானார். அவருடைய பணிமனைப் படங்கள் பேணப்பட்டு, அவற்றுட் பல 2022 ஆம் ஆண்டில் கொழும்பில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அறுபது ஆண்டுப் பழமையான தாளும் அங்கே இருந்தது. முப்பது ஆண்டுப் பழமையான தாளும் இருந்தது. அவற்றைப் படிக்க எந்த நிறுவனத்தின் அனுமதிச் சீட்டும் வேண்டியிருக்கவில்லை, கடவுச்சொல் வேண்டியிருக்கவில்லை, கண்ணும் வெளிச்சமுமே போதுமாயிருந்தன. இதனால் கையால் வரைவதே மேல் என்று சொல்ல வருவதாக எவரும் எண்ணிவிடலாகாது. தாளில் ஒரு தூணைத் தள்ளி வைக்க வேண்டுமாயின் பத்துத் தாள்களைச் சுரண்டித் திருத்த வேண்டும்; கணினியில் ஒரே திருத்தம் பத்துத் தாள்களிலும் தானாகப் பரவும். ஆயினும் படத்தின் இருப்பிடம் பற்றிய வினாவுக்குத் தாள் ஓர் அளவுகோலாக நிற்கிறது. கணினியில் வரைந்த படம் முப்பது ஆண்டு கழித்துத் திறக்குமா?

கணினியால் படம் வரையும் கலைக்கு வித்திட்டவர் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்கர். மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963 இல் அவர் சமர்ப்பித்த ஆய்வின் பயனாக ஸ்கெச்பாட் என்னும் முறை தோன்றியது. ஒளிப்பேனாவால் திரையில் கோடிழுத்து, இவ்விரண்டு கோடுகளும் சமாந்தரமாக இருக்கக்கடவன என்று கட்டளையிட்டால் இயந்திரம் அவ்வாறே திருத்தித் தரும். அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு இவ்வேலை பெரிய நிறுவனங்களின் விலையுயர்ந்த இயந்திரங்களிலேயே நடந்தது. ஒரு மையக் கணினி ஓர் அறையில் இருக்கும். வரைபவர் பலர் அதனோடு தொடுத்த திரைகளின் முன் அமர்ந்திருப்பர். 1982 இல் ஓட்டோடெஸ்க் நிறுவனம் ஓட்டோகாட் என்னும் மென்பொருளைச் சிறு கணினிகளுக்கென வெளியிட்டபோதுதான் இக்கலை மேசைக்கு இறங்கி வந்தது. 1995 இல் வந்த சொலிட்வேர்க்ஸ், முப்பரிமாண உருவத்தையே நேராகக் கட்டியெழுப்பும் ஆற்றலைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது.

அந்தச் சொலிட்வேர்க்ஸை உருவாக்கியவர்களுள் சிலரே 2012 இல் வேறொரு நிறுவனம் தொடங்கி, 2015 இல் ஒன்ஷேப் என்னும் முகில்வழி மென்பொருளை வெளியிட்டனர் என்பது சுவையான செய்தி. மேசைக்குக் கொண்டுவந்தவர்களே மேசையிலிருந்து மீண்டும் மையத்துக்கு எடுத்துச் சென்றனர். ஆகவே முகில் என்பது முற்றும் புதியதன்று. பழைய மையக் கணினியறை, அயலறையிலிருந்து அயல்நாட்டுக்கு இடம்பெயர்ந்தது என்று கொள்வதே பொருந்தும். வானத்தில் மிதக்கும் எதுவும் அங்கே இல்லை. பூட்டிய கட்டடங்களில், குளிரூட்டிய கூடங்களில், அடுக்கடுக்காக இயங்கும் இயந்திரங்களே முகில்.

அது வேலை செய்யும் விதம் இது. தம்புள்ளையில் இருப்பவர் ஒரு தகட்டில் துளையிடுமாறு திரையில் கட்டளையிடுகிறார். அக்கட்டளை மட்டும் இணையத்தின் வழியே தூரக் கணினிக்குச் செல்கிறது. விளிம்புகளையும் முகங்களையும் கணிக்கும் கடினமான கணக்கை அங்குள்ள இயந்திரம் செய்து, விடையைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் உருவத்தைத் தீட்டிக் காட்டுவதும் திருப்பிக் காட்டுவதும் மாத்திரமே உள்ளூர்க் கணினியின் வேலை. ஆதலால் சாதாரண மடிக்கணினியே போதும். மேசைவகை மென்பொருளுக்கோ, முப்பரிமாண வேலை பெருகப் பெருக நல்ல நினைவகமும் சித்திர அட்டையும் உள்ள கணினி வேண்டும். அவை யாவும் இறக்குமதிப் பொருள்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கலப்புவகையும் உண்டு. 2013 இல் வெளிவந்த பியூஷன் அத்தகையது. கணக்கில் பெரும்பகுதி மேசையில் நடக்கும். படம் முகிலில் சேமிக்கப்படும்.

முகில்வழியின் மெய்யான பெருமை மலிவான கணினியில் ஓடுவதன்று. ஒரே படம் ஒன்றாகவே இருப்பது அதன் பெருமை. குளிரறைக் கதவொன்றைச் செய்யும் பொறுப்பு மூவரிடம் பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கொழும்பில் இருக்கும் பொறியியலாளர் கதவின் பாரத்தைக் கணித்து வரைகிறார்; தம்புள்ளைப் பட்டறை சட்டத்தைச் செய்கிறது; யாழ்ப்பாணத்தில் ஒருவர் கீலும் கைப்பிடியும் வார்க்கிறார். மேசைவகையில் படம் மின்னஞ்சலில் போய்வரும். முதற்படம் “கதவு” என்றிருக்கும்; திருத்தியது “கதவு இறுதி” என்றிருக்கும்; அடுத்தது “கதவு இறுதி 2” என்றும், அதற்கும் அடுத்தது “கதவு மெய்யான இறுதி” என்றும் வளரும். பொறியியலாளர் கீல்த் துளையை 12 மில்லிமீற்றர் கீழே இறக்கிய செய்தி யாழ்ப்பாணத்துக்குச் சேர்ந்து, தம்புள்ளைக்குச் சேராமற் போனால், கீலும் சட்டமும் சந்திக்கும் நாளில்தான் உண்மை வெளிப்படும். அன்றைய நட்டம் யாருடையது என்னும் வழக்கில் பெரும்பாலும் தோற்பவர் தகட்டை வெட்டியவரே.

முகில்வழியில் மூவரும் திறப்பது ஒரே படத்தை. ஒருவர் திருத்துவது மற்றவர் திரையில் அக்கணமே தோன்றும். யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது வரிசையாகப் பதிந்திருக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்பவும் முடியும். பட்டறையில் நிற்பவர் கைத்தொலைபேசியிலேயே படத்தைத் திறந்து அளவு பார்த்துக்கொள்ளலாம். 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், பயணமின்றி இவ்வாறு சேர்ந்து வேலை செய்வதன் அருமை நன்கு விளங்கியிருக்கும். பலர் சேர்ந்து செய்யும் வேலையில் இதற்கு நிகராக மேசைவகை எதையும் எளிதில் காட்ட முடியாது.

ஆனால் அதே 2022 ஆம் ஆண்டு மற்றப் பக்கத்தையும் காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. வீட்டில் மின்சாரம் இல்லாதபோது மடிக்கணினியின் மின்கலம் சில மணிநேரம் தாங்கும். ஆனால் வெட்டு நீள நீளத் தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் தளர்ந்தன, இணைப்பும் தளர்ந்தது. மேசைவகையில் வரைபவர் எஞ்சிய மின்கலத்தைக் கொண்டு வேலையை முடித்துவிடலாம். முகில்வழியில் வரைபவருக்குக் கணினி உயிரோடிருந்தும் படம் கைக்கு எட்டாது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார். கடலடியிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. 2004 ஆகஸ்ட் மாதத்தில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடித் தொடர்புக் கம்பியைச் சிதைத்ததால் நாட்டின் இணையத் தொடர்பு பெரிதும் துண்டிக்கப்பட்டது. அதன்பின் வேறு கம்பிகளும் வந்து சேர்ந்தமையால் அவ்வாறு முழுவதும் அறுபடும் அச்சம் குறைந்திருக்கிறது. எனினும் தீவு ஒன்றில் இருப்பவர் தமது படத்துக்கும் தமக்கும் நடுவே கடல் கிடப்பதை மறந்துவிடலாகாது.

அடுத்தது பணம். முகில்வழி மென்பொருளை எவரும் வாங்குவதில்லை, வாடகைக்கே எடுக்கிறார்கள். வாடகை டொலரில் கணிக்கப்படுகிறது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. சில மாதங்களில் அது 360 ரூபாவையும் எட்டியது. ஆண்டுக்கு 500 டொலர் வாடகை என்று கொண்டால், ஒரு இலட்சம் ரூபாவாக இருந்த செலவு, மென்பொருளில் ஒரு புள்ளியும் மாறாமலே 1,80,000 ரூபாவாகிவிட்டது. அக்காலத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் டொலர் கட்டணங்களைச் செலுத்துவதே பலருக்குச் சங்கடமாயிற்று. கொட்டிலின் வாடகையைக் கட்ட இயலாதவர் சாமான்களையாவது தூக்கிக்கொண்டு வெளியேறலாம். முகில்வழியில் வாடகை தவறினால் படத்தைத் திருத்தும் உரிமை நின்றுவிடும். தவணை கடந்தபின் என்ன நேரும் என்பது ஒப்பந்தத்தின் சிற்றெழுத்துக்களில் அடங்கியிருக்கும்.

மேசைவகையாயின் இத்தொல்லை இல்லை என்று கருதுவோர் இன்னும் உளர். அது பழைய காலத்து உண்மை. ஓட்டோடெஸ்க் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் நிரந்தர உரிமத்தைப் புதிதாக விற்பதைக் கைவிட்டு வாடகை முறைக்கு மாறியது. இன்று ஓட்டோகாட் மேசைக் கணினியிலேயே நிறுவப்படுகிறது. படமும் மேசையிலேயே இருக்கிறது. ஆனால் மாதம் ஒருமுறையாவது இணையத்தோடு பேசி வாடகை செலுத்தப்பட்டிருப்பதை உறுதிசெய்யாவிடில் மென்பொருள் திறவாது. ஆகவே மேசை, முகில் என்ற இரு சொற்கள் முன்போல் இரு வேறு உலகங்களைக் குறிப்பதில்லை. மென்பொருள் மேசையில் இருந்தும் திறவுகோல் கடலுக்கு அப்பால் இருக்கக்கூடும். மேசைவகையின் மேன்மை இப்போது ஒன்றே: படக்கோப்பு தன் கையில் இருக்கிறது, வாடகை நின்றாலும் அதை வேறொரு மென்பொருளால் திறந்து பார்க்க வழியுண்டு.

திறவுகோல் பிறர் கையில் இருப்பதன் பொருளை அண்மைய ஆண்டுகள் பலமுறை காட்டியுள்ளன. 2019 இல் அமெரிக்க அரசின் ஆணையைக் காரணங்காட்டி, வெனிசுவேலா நாட்டவரின் கணக்குகளை முடக்கப்போவதாக அடோபி நிறுவனம் அறிவித்தது. பின்னர் அனுமதி பெற்று அம்முடிவை மாற்றிக்கொண்டதெனினும், இடைப்பட்ட வாரங்களில் அந்நாட்டுச் சித்திரக்காரர் நிலை என்னவாயிருக்கும்! 2022 இல் ரசியாவில் ஓட்டோடெஸ்க் தன் வணிகத்தை நிறுத்திவைத்தது. அரசியலே வேண்டியதில்லை, வணிக முடிவும் போதும். பியூஷன் மென்பொருளைத் தனியார் இலவசமாகப் பயன்படுத்துவதற்கான விதிகள் 2020 இல் இறுக்கப்பட்டு, ஒரே வேளையில் திருத்தத்தக்க கோப்புகள் 10 மட்டுமே என்றாயிற்று. ஒன்ஷேப் நிறுவனத்தையே 2019 இல் பி.டி.சி. என்னும் பெரிய நிறுவனம் வாங்கியது. இவற்றுள் எதுவும் களவன்று, சட்டமீறலும் அன்று. குத்தகைக்காரர் ஒருவர் வீட்டுக்காரர் மாறுவதைத் தடுக்க இயலாததைப் போன்றதே இது.

இலவசம் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் வரையப்படும் படங்கள் பொதுவில் வைக்கப்படுகின்றன. உலகில் எவரும் அவற்றைத் தேடிப் பார்க்கலாம். பயிலும் மாணவருக்கு அதனால் குறைவில்லை. வாடிக்கையாளர் தம் களஞ்சியத்தின் பூட்டு அமைப்பை நம்பிக் கொடுத்த பட்டறைக்காரர், அதை அங்கே வரைந்து வைப்பது நம்பிக்கைத் துரோகத்தில் போய் முடியும். அவர் அதை அறியாமலே செய்துவிடுவார் என்பதுதான் வருந்தத்தக்கது. நிபந்தனைகளை ஒரு வரியும் வாசியாமல் “சம்மதம்” என்பதை அழுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டதல்லவா?

கோப்பின் வடிவம் பற்றியும் தெளிவு வேண்டும். முகில்வழி மென்பொருளிலிருந்து படத்தை வெளியே எடுக்கவே முடியாது என்பது பிழை. ஸ்டெப் என்று வழங்கும் அனைத்துலக நியம வடிவம் 1994 முதல் உள்ளது; ஏறக்குறைய எல்லா முப்பரிமாண மென்பொருள்களும் அதை வாசிக்கும். தட்டைப் படங்களுக்கு டி.எக்ஸ்.எப். வடிவம் உண்டு. ஆனால் அவ்வாறு வெளியேறும்போது உருவம் வரும். அது உருவான கதை வராது. இந்தத் துளை அந்த விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீற்றர், சட்டம் அகன்றால் துளையும் உடன் நகர வேண்டும் என்ற உறவுகளெல்லாம் உதிர்ந்துபோகும். கமக்காரருக்குச் சொல்வதானால், கையில் வருவது அரிசி. விதைநெல் அங்கேயே தங்கிவிடுகிறது. அரிசியைச் சமைக்கலாம், விற்கலாம். அடுத்த போகத்துக்கு விதைக்க முடியாது. மேசைவகை மென்பொருள்களிடையே மாறும்போதும் இதே இழப்பு உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

எந்த மென்பொருளில் இருந்தாலும் பேணாத கோப்பு அழியும். தம்புள்ளைக் குகைச் சுவர்களின் ஓவியங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிவது பாறையின் பெருமையால் மட்டுமன்று. 18 ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலும் வேறு காலங்களிலும் அவற்றின்மேல் மீண்டும் மீண்டும் தீட்டியமையாலேயே அவை நிற்கின்றன. கணினிக் கோப்பும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வடிவத்துக்கு மாற்றித் தீட்டப்பட வேண்டியது.

மேசைக் கணினியின் குறைகள் சிறியனவல்ல. வன்தட்டு பழுதடையும், திருடர் எடுத்துச் செல்வர், இடி விழும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்து, 600 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாத்தளை மாவட்டமும் அத்துன்பத்திலிருந்து தப்பவில்லை. மனித உயிரின் முன் வரைபடம் ஒரு பொருட்டன்று. ஆயினும் வெள்ளம் வடிந்தபின் தொழிலை மீண்டும் தொடங்க வேண்டியவருக்கு, நனைந்த கணினியுள் மட்டும் இருந்த படங்கள் நனைந்த விதைநெல்லே. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர் மறுவாரமே வேறொரு கணினியில் தொடங்கலாம். அவ்வகையில் முகில் ஒரு காப்புறுதி.

மேசைவகையில் இன்னொரு பழக்கமும் ஒளிந்திருக்கிறது. உரிமம் இல்லாத திருட்டுப் பிரதியை நிறுவி வேலை செய்வோர் நாடெங்கும் உளர். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அது குற்றம். சட்டத்தை விட்டாலும், பூட்டுடைத்த மென்பொருளோடு என்னென்ன நச்சு நிரல்கள் கூட வருகின்றன என்பது நிறுவுபவருக்குத் தெரியாது. ஒருநாள் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுக் கப்பம் கேட்கும் செய்தி திரையில் தோன்றக்கூடும். மேசைவகையை இவ்வழியில் மலிவென்று கணக்கிடுவது கணக்கன்று.

நேர்மையான மலிவு வேறொன்று உண்டு. பிரீகாட் என்னும் முப்பரிமாண மென்பொருள் 2002 முதல் தன்னார்வலர் பலரால் கட்டியெழுப்பப்பட்டு, 2024 நவம்பரில் தன் 1.0 ஆம் பதிப்பை எட்டியது. தட்டைப் படத்துக்கு லிப்ரேகாட் உள்ளது. இரண்டுக்கும் வாடகை இல்லை; இணையம் வேண்டியதில்லை; நிரலே பொதுச் சொத்தாகத் திறந்திருப்பதால் எந்த நிறுவனமும் அவற்றைப் பூட்டிவிட முடியாது. பழகுவதற்குச் சற்றுக் கடினம் என்பது உண்மை. பெரிய தொகுதிகளில் பிரீகாட் தடுமாறுவதும் உண்டு. பணத்துக்குப் பதிலாகப் பொறுமையை விலையாகக் கேட்கும் கருவி அது என்று கொள்ளலாம். படலையும் தாங்கியும் அடுக்குத் தட்டும் செய்யும் பட்டறைக்கு அதன் ஆற்றல் தாராளமாகப் போதும்.

எனவே தனியாகவோ இருவராகவோ ஒரே கொட்டிலில் வேலை செய்து, தட்டைப் படமும் எளிய உருவமும் வரையும் தம்புள்ளைப் பட்டறைக்கு மேசைவகையே பொருந்தும். அதிலும் வாடகையற்ற மேசைவகை. அதன் குறையை நிரப்ப, நாள்தோறும் படங்களின் பிரதியை இணையச் சேமிப்பிடம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தல் போதும். வரைவது மேசையில், காப்பது முகிலில். பல ஊரார் சேர்ந்து ஒரே இயந்திரத்தை உருவாக்குவோருக்கும், ஏற்றுமதிக்குப் பாகங்கள் செய்து அடிக்கடி திருத்தம் பெறுவோருக்கும் முகில்வழியே தகும். அவர்களுக்கு ஒரு கதவின் கீல் பிழைப்பதால் வரும் நட்டம் ஆண்டு வாடகையை விழுங்கிவிடக் கூடியது. ஆனால் அவர்கள் கட்டணத் திட்டத்தில், படம் மறைவாக இருக்கும் வகையில் சேர்தல் வேண்டும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஸ்டெப் கோப்பும் டி.எக்ஸ்.எப். கோப்பும் தம் கைக்கு எடுத்து வைத்தலும் வேண்டும். வீட்டுப்படம் வரைபவருக்கோ, பிரதேச சபைக்குச் சமர்ப்பிக்க முடிவில் தாள்தான் தேவை. கூட்டாகத் திருத்தும் வசதிக்காக அவர் டொலர் செலவழிக்க வேண்டிய நியாயம் அரிது.

தெரிவு செய்யுமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பல மென்பொருள்கள் தொடக்கத்தில் சில காலம் இலவசமாகப் பழகக் கிடைக்கும். அக்காலத்தில் பட்டறையின் மெய்யான வேலை ஒன்றை, எடுத்துக்காட்டாக ஒரு லொறிப் பெட்டியின் பின்கதவை, முழுவதும் அதில் வரைய வேண்டும். பின்பு ஒரு நாள் இணைய இணைப்பை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, எவ்வளவு வேலை நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மறுநாள் அப்படத்தை ஸ்டெப் வடிவில் வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து, மூன்று அளவுகளை ஒப்பிட வேண்டும். கடைசியாக, அதைத் தாளில் அச்சிட்டு, அளவும் திகதியும் எழுதி, வெட்டும் மேசையில் நிற்பவர் கையில் கொடுத்து, வேறு எதையும் பாராமல் அத்தாளைக் கொண்டே தகட்டைக் குறிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறாமல் குறித்துவிட்டால், அத்தாளைத் தகரப் பெட்டியில் போட்டு, ஈரமும் கறையானும் எட்டாத உயரத்தில் வைக்கலாம்.